பரம எதிரி திவாலாகும்போது சிரிக்கலாமா?

கேள்வி இதுதான். ஒரு கால்பந்து கிளப் கடனில் மூழ்கித் திவாலாகும்போது, அதன் பரம எதிரியின் ரசிகர்கள் பாட்டுப் பாடிக் கொண்டாடுகிறார்கள். வேறு சில இடங்களில் அதே எதிரிகள் உண்டியல் குலுக்கிக் காப்பாற்ற வருகிறார்கள். இதில் எது ரசிகரின் உண்மையான முகம்? கொண்டாடுவது தவறா?

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது என் பதில். ஒவ்வொரு ரசிகரின் மனத்திலும் ஒரு நியாயக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிரி கிளப் தன்னிடம் இல்லாத பணத்தைச் செலவழித்துத் தங்களைத் தோற்கடித்தது என்று அவர் நம்பினால், அதன் வீழ்ச்சி அவருக்குத் தீர்ப்பாகத் தெரிகிறது. யாரோ ஒரு முதலாளி அந்தக் கிளப்பைச் சூறையாடிவிட்டார் என்று நம்பினால், அதே வீழ்ச்சி களவாகத் தெரிகிறது. தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் களவைக் கொண்டாடுவதில்லை. ஆனால் பெரும்பாலான திவால்களில் இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்துதான் கிடக்கின்றன. குழப்பமெல்லாம் அங்கேதான்.

திவால் என்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் எதிரிகளின் கோபம் புரியும். பிரிட்டனில் கடனைக் கட்ட முடியாத கிளப் ஒரு நிர்வாகப் பொறுப்பாளரின் கைக்குப் போகிறது. அவர் பெரும்பாலும் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருப்பார். வீரர்களை விற்பது, ஊழியர்களைக் குறைப்பது, புதிய முதலாளியைத் தேடுவது, கடன் கொடுத்தவர்களோடு பேரம் பேசுவது எல்லாம் அவர் வேலை. லீக் தன் பங்குக்குப் புள்ளிகளைக் குறைக்கும். இங்கிலாந்தில் இதோடு இன்னொரு விதியும் உண்டு: தொடர்ந்து லீக்கில் ஆட வேண்டுமானால், வீரர்களுக்கும் பிற கிளப்புகளுக்கும் தர வேண்டிய பாக்கியை முழுதாகத் தீர்த்தாக வேண்டும். மற்றவர்களுக்குப் பல திவால்களில் கிடைத்தது பவுண்டுக்குச் சில பென்ஸ்தான். 2010-இல் போர்ட்ஸ்மவுத் திவாலானபோது, பாக்கி வர வேண்டியவர்களின் பட்டியலில் மைதானத்தில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் இருந்தது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிய வீரருக்கு முழுத் தொகையும் மயங்கி விழுந்த பார்வையாளரைத் தூக்கிச் சென்றவர்களுக்குச் சில்லறையும் என்ற அந்த ஏற்பாடு எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. பிரிட்டனின் வரித்துறையும் அந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போனது, 2012-இல் தோற்றது.

எதிரி ரசிகரின் நிலையிலிருந்து இதைப் பாருங்கள். தன் கிளப் வரவுக்குள் செலவு செய்து ஏழாவது இடத்தில் முடிகிறது. பக்கத்து ஊர்க் கிளப் வரி கட்டாமல் நல்ல வீரர்களை வாங்கிக் கோப்பையைத் தூக்குகிறது. சில ஆண்டுகள் கழித்து அது திவாலாகிக் கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துகொள்கிறது. கோப்பை மட்டும் அதன் அலமாரியிலேயே இருக்கிறது. இவர் சிரிப்பதை வெறும் வன்மம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

இந்தக் கோபம் விதிகளையே மாற்றியிருக்கிறது. 2002 அக்டோபரில் லெஸ்டர் சிட்டி திவாலானது. புதிய மைதானம் கட்டிய செலவு, ஐடிவி டிஜிட்டல் நிறுவனம் மூழ்கியதால் நின்றுபோன ஒளிபரப்புப் பணம் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் கடனைக் குறைத்துக்கொண்டு, முக்கிய வீரர்களை வைத்துக்கொண்டு, அதே சீசனில் அந்த அணி முதல் படியான பிரிமியர் லீக்குக்கு ஏறியது. கடன் வாங்காமல் கீழேயே தங்கிப்போன கிளப்புகள் கொதித்தன. திவாலானால் 10 புள்ளிகள் குறைப்பு என்ற விதி பிறந்தது அதன் பிறகுதான். 2007-இல் லீட்ஸ் யுனைடெட், கீழிறங்குவது ஏறக்குறைய உறுதியான பிறகு சீசனின் கடைசி நாட்களில் திவாலை அறிவித்தது. எப்படியும் இறங்கப்போகும் அணிக்கு 10 புள்ளிகள் போனால் என்ன? மற்ற ரசிகர்களின் கூச்சல் ஓயவில்லை. அடுத்த சீசனை லீட்ஸ் 15 புள்ளிகள் குறைவாகத் தொடங்க வேண்டியிருந்தது. சக கிளப்புகள் வாக்களித்து அந்தத் தண்டனையை உறுதி செய்தன. இப்படித் தாமதமாகத் திவாலை அறிவிக்கும் தந்திரத்துக்குப் பிறகு வழி அடைக்கப்பட்டது. 2015-இல் தண்டனை 12 புள்ளிகளாக உயர்ந்தது.

எதிரி ரசிகர்களின் கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்காட்லாந்தை விடச் சிறந்த சாட்சி கிடையாது. 2011 மே மாதத்தில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கிளப் முதலாளி டேவிட் மரே தன்னிடமிருந்த 85 சதவீதப் பங்குகளை கிரெய்க் ஒயிட்டுக்கு ஒரு பவுண்டுக்கு விற்றார். வங்கிக்கு இருந்த சுமார் 1.8 கோடி பவுண்டு கடனை ஒயிட் அடைத்தார். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பது பிறகு தெரிந்தது. வரப்போகும் ஆண்டுகளின் சீசன் டிக்கெட் வருமானத்தை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்துக்கு முன்கூட்டியே விற்றிருந்தார்கள். ரசிகர்கள் நாளை கட்டப்போகும் பணம் நேற்றைய கடனுக்குப் போய்விட்டது. வீரர்களின் சம்பளத்தில் பிடித்த வரியும் அரசுக்குப் போகவில்லை. 2012 பிப்ரவரி 14 அன்று ரேஞ்சர்ஸ் நிர்வாகப் பொறுப்பாளர்களின் கைக்குப் போனது. ஜூன் மாதம் வரித்துறை சமரசத் திட்டத்தை நிராகரித்ததும் பழைய நிறுவனம் கலைப்பை நோக்கிச் சென்றது. சொத்துகளை 55 லட்சம் பவுண்டுக்கு சார்லஸ் கிரீன் தலைமையிலான குழு வாங்கியது. ஒயிட் மீது பின்னர் மோசடி வழக்கு நடந்தது. 2017-இல் நீதிமன்ற ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே நகரத்தின் பரம எதிரியான செல்டிக்கின் ரசிகர்கள் ஜெல்லியும் ஐஸ்கிரீமும் வைத்து விருந்து கொண்டாடப்போவதாகப் பாடினார்கள். உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் உண்மையில் காரியத்தைச் சாதித்தவர்கள் அபர்டீன், எடின்பரோ, டண்டீ, பெர்த் போன்ற ஊர்களின் ரசிகர்கள். புதிய நிறுவனத்தின் பெயரில் ரேஞ்சர்ஸை நேராக முதல் பிரிவிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ரேஞ்சர்ஸ் இல்லாவிட்டால் ஒளிபரப்புப் பணம் போய்விடும், ஸ்காட்லாந்துக் கால்பந்தே மெல்லச் செத்துவிடும் என்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் தலைமை எச்சரித்தது. ரசிகர்கள் தங்கள் கிளப்புகளுக்கு ஒரே செய்தியை அனுப்பினார்கள்: அப்படிச் செய்தால் சீசன் டிக்கெட் வாங்க மாட்டோம். 2012 ஜூலை 4 அன்று நடந்த வாக்கெடுப்பில் 10 கிளப்புகள் எதிர்த்து வாக்களித்தன. கில்மார்நாக் வாக்களிக்கவில்லை. ஆதரித்தது ரேஞ்சர்ஸ் மட்டும். அடுத்த வாரம் கீழ்ப் பிரிவுகளின் 30 கிளப்புகளில் 25, நான்காம் படியான மூன்றாம் டிவிஷனிலிருந்து தொடங்கும்படி சொல்லிவிட்டன.

அந்த வாக்கெடுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பணம் போனாலும் பரவாயில்லை, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சாதாரண ரசிகர்கள் தங்கள் முதலாளிகளைச் சொல்ல வைத்த அபூர்வமான தருணம் அது. டன்ஃபெர்ம்லினுக்கு டிக்கெட் விற்ற பணமும் ஹார்ட்ஸுக்கு லீ வாலஸை வாங்கிய விலையின் மீதியும் ரேஞ்சர்ஸிடமிருந்து வர வேண்டியிருந்தன. அந்தச் சிறிய கிளப்புகளின் ரசிகர்களிடம் போய், "பகையை விட்டுவிடுங்கள்" என்று அறிவுரை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

எச்சரித்தது போல ஸ்காட்லாந்துக் கால்பந்து சாகவும் இல்லை. 2013-இல் செயின்ட் மிர்ரன் லீக் கோப்பையை வென்றது. 2014-இல் செயின்ட் ஜான்ஸ்டன் தன் வரலாற்றில் முதன்முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. 2015-இல் இன்வர்னெஸ். 2016-இல் ஹிபர்னியன், 1902-க்குப் பிறகு முதன்முறையாக, இறுதியில் ரேஞ்சர்ஸையே 3-2 என்று வீழ்த்தி வென்றது. ரேஞ்சர்ஸ் ரசிகர்களும் ஓடிவிடவில்லை. 2012 ஆகஸ்ட் 18 அன்று நான்காம் படியில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயரோடு நடந்த ஆட்டத்துக்கு ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 49,118 பேர் வந்தார்கள். எதிரிகள் எவ்வளவு சிரித்தாலும் அந்த எண்ணுக்கு முன்னால் வாயடைத்துத்தான் போனார்கள்.

செல்டிக் பக்கம் நடந்தது வேறு. பட்டங்கள் வரிசையாக வந்தன. மைதானத்தில் கூட்டம் குறைந்தது. 2012 ஏப்ரலுக்குப் பிறகு இரு அணிகளும் மோதிக்கொண்டது 2015 பிப்ரவரி 1 அன்று, லீக் கோப்பை அரையிறுதியில்தான். அந்த ஆட்டத்துக்கு முன்பு செல்டிக் ரசிகர்கள் சிலர் பணம் சேர்த்து, சண்டே ஹெரால்ட் என்ற ஞாயிறு பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். பழைய ரேஞ்சர்ஸ் இறந்துவிட்டது, இப்போது ஆடுவது புதிய கிளப், ஆகவே இது அவர்களோடு எங்களுக்கு முதல் ஆட்டம் என்பது அதன் சாரம். சட்டப்படி நிறுவனம் வேறுதான். லீக் அமைப்போ நிறுவனத்தையும் கிளப்பையும் பிரித்துப் பார்த்து, பழைய பட்டங்களை இன்றைய ரேஞ்சர்ஸின் கணக்கிலேயே வைத்திருக்கிறது. இந்த வாதம் இன்றும் தீரவில்லை. எதிரி செத்துவிட்டான் என்று நிரூபிக்க முழுப் பக்க விளம்பரம் கொடுப்பவருக்கு, அந்த எதிரி எவ்வளவு தேவைப்படுகிறான் என்பதையும் அந்த விளம்பரமே காட்டிக்கொடுக்கிறது.

உளவியல் ஆய்வாளர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். 1998 உலகக் கோப்பையில் ஜெர்மனி தோற்றபோது நெதர்லாந்துக்காரர்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்று பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. தங்கள் சொந்தத் தாழ்வு நினைவூட்டப்பட்டபோது எதிரியின் வீழ்ச்சியில் கிடைத்த மகிழ்ச்சி கூடியது என்றது அது. கிளப்புகளின் பகையிலும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பல ஆண்டுகள் தோற்றுக்கொண்டிருந்தவர்தான் எதிரியின் திவாலை அதிகம் ரசிக்கிறார். ஆடுகளத்தில் கிடைக்காத வெற்றி கணக்குப் புத்தகத்தில் கிடைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது.

அது எவ்வளவு நிலையற்ற வெற்றி என்பதை இங்கிலாந்தின் தென்கரையில் பார்க்கலாம். சவுத்தாம்ப்டனும் போர்ட்ஸ்மவுத்தும் இருபது மைல் தொலைவுக்குள் இருக்கும் துறைமுக ஊர்கள்; பகை ஆழமானது. 2008-இல் போர்ட்ஸ்மவுத் எஃப்ஏ கோப்பையை வென்றது. 2009 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனின் தாய் நிறுவனம் திவாலானது. அணி மூன்றாம் படிக்கு இறங்கி, 10 புள்ளிகள் குறைவாக அடுத்த சீசனைத் தொடங்கியது. போர்ட்ஸ்மவுத் ரசிகருக்கு அதைவிட இனிய ஆண்டு இருந்திருக்காது. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 2010 பிப்ரவரி 26 அன்று போர்ட்ஸ்மவுத் திவாலானது. பிரிமியர் லீக்கில் இருக்கும்போதே அந்த நிலைக்குப் போன முதல் கிளப் அதுதான். ஒன்பது புள்ளிகள் போயின, பிரிவிலிருந்தும் இறங்கியது. சிரிக்கும் முறை இப்போது சவுத்தாம்ப்டனுக்கு. தொழிலதிபர் மார்க்குஸ் லீபெர் வாங்கிய பிறகு அந்த அணி 2011-இலும் 2012-இலும் அடுத்தடுத்து மேலேறிப் பிரிமியர் லீக்குக்குத் திரும்பியது. போர்ட்ஸ்மவுத்தோ 2012 பிப்ரவரியில் இரண்டாம் முறையாகத் திவாலாகி, 2013-இல் நான்காம் படிக்கே போய்விட்டது.

அந்த எதிர்த்திசைப் பயணங்களின் நடுவில், 2012 ஏப்ரல் 7 அன்று இரு அணிகளும் சவுத்தாம்ப்டன் மைதானத்தில் மோதின. மேலேறப் போகும் அணியும் 10 புள்ளிகளை இழந்து திவாலில் கிடந்த அணியும். 2-1 என்று சவுத்தாம்ப்டன் முன்னிலையில் இருக்க, கூடுதல் நேரத்தில் டேவிட் நாரிஸ் அடித்த கோலால் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. போர்ட்ஸ்மவுத் அந்தச் சீசனில் எப்படியும் இறங்கியது. ஆனாலும் அந்தக் கோலை அந்த ஊர் இன்னும் பேசுகிறது. ஒரு வருடம் கழித்து ரசிகர்களே ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டுக் கிளப்பை வாங்கினார்கள்.

இனி மறுபக்கம். சிரிப்பு எங்கே நிற்கிறது?

1996-97 சீசனில் பிரைட்டன் லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. 1902 முதல் ஆடிவந்த கோல்ட்ஸ்டோன் மைதானத்தை அன்றைய முதலாளிகள் கட்டுமான நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்; மாற்று மைதானம் எதுவும் கிடையாது. இணையம் இன்னும் பலர் வீட்டுக்கு வராத காலம். பிளிமத் அணியின் ரசிகரான ஒரு பதின்வயதுப் பையன் எழுதிய யோசனையிலிருந்து, எல்லாக் கிளப் ரசிகர்களும் ஒரே நாளில் பிரைட்டனுக்கு வருவது என்று முடிவானது. 1997 பிப்ரவரி 8 அன்று ஹார்ட்டில்பூல் ஆட்டத்துக்கு நாடெங்குமிருந்தும் பல நிறச் சட்டைகளோடு ஆட்கள் வந்து நிறைந்தார்கள். பிரைட்டனின் பரம எதிரியான கிரிஸ்டல் பேலஸின் ரசிகர்களும் வந்தார்கள். பிரைட்டன் 5-0 என்று வென்றது. அந்தச் சீசனின் கடைசி நாளில் ஹெரெஃபர்டில் 1-1 என்று சமன் செய்து லீக்கில் தப்பியது. கீழே போனது ஹெரெஃபர்ட். அந்தக் கிளப் 2014 டிசம்பரில் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது.

பேலஸ் ரசிகர்கள் ஏன் வந்தார்கள்? பிரைட்டன் யாரையும் ஏமாற்றிக் கோப்பை எதுவும் வென்றிருக்கவில்லை. மைதானத்தை விற்றது முதலாளிகள். வீதிக்கு வந்தது ரசிகர்கள். முன்பு சொன்ன நியாயக் கணக்கில் பிரைட்டனின் பெயரில் கடனே இல்லை. பகை அப்படியே இருந்தது; அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இன்னும் கூர்மையானது. ஆனால் பகைக்கு எதிரில் ஓர் அணி வேண்டும் அல்லவா?

2019 ஆகஸ்டில் பரி கிளப்புக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1885-இல் தொடங்கிய கிளப். 1900-இலும் 1903-இலும் எஃப்ஏ கோப்பை வென்றது. 1903 இறுதியில் டார்பியை 6-0 என்று வீழ்த்தியது. 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். சம்பளம் சரியாக வராத நிலையிலும் அந்த அணி 2019 வசந்தத்தில் மூன்றாம் படிக்கு ஏறியது. எதிரிகளின் கணக்குப்படி இது கோபப்பட வேண்டிய விஷயம்தான்: கட்டாத சம்பளத்தில் கிடைத்த உயர்வு. ஆனால் ஆகஸ்ட் மாத இறுதியில், ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் தொண்டர்கள் கிக் லேன் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கிக் கழுவிக்கொண்டிருந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஆகஸ்ட் 27 இரவு லீக் பரியை வெளியேற்றியது. அதே வேளையில் பக்கத்து ஊர் எதிரியான போல்ட்டனும் 12 புள்ளிகளை இழந்து அதே விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு 14 நாள் அவகாசம் கிடைத்தது. மறுநாளே விற்பனை முடிந்து பிழைத்தது. ஓர் இரவின் இடைவெளியில் ஒருவன் பிழைக்க, மற்றவன் போனான். போல்ட்டன் ரசிகர் எவரும் அதைத் தங்கள் திறமை என்று நினைத்திருக்க முடியாது.

கிளப் நிர்வாகங்களே எதிரியைத் தாங்கிப் பிடித்ததும் உண்டு. ஜெர்மனியின் போருசியா டார்ட்மண்ட் 2000-இல் பங்குச் சந்தையில் இறங்கி, 2002-இல் பட்டம் வென்று, அதற்குச் செலவழித்த பணத்தில் மூழ்கியது. 2005 மார்ச் 14 அன்று டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் கூடிய முதலீட்டாளர்கள் சம்மதித்ததால்தான் பிழைத்தது. அந்த நெருக்கடிக் காலத்தில் சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்தபோது, பேயர்ன் மியூனிக் 20 லட்சம் யூரோவை எந்த ஈடும் கேட்காமல் கடனாகக் கொடுத்தது. பேயர்னின் தலைவர் ஊலி ஹோனஸ் இதை வெளியே சொன்னது 2012-இல். அதற்குள் டார்ட்மண்ட் கடனை அடைத்து, 2011-இல் பேயர்னைப் பின்னுக்குத் தள்ளிப் பட்டம் வென்றிருந்தது; 2012-இலும் வென்றது. 2013-இல் வெம்பிளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இரண்டும் மோதின. பேயர்ன் 2-1 என்று வென்றது. அந்த 20 லட்சம் இல்லாவிட்டாலும் டார்ட்மண்ட் தப்பியிருக்கலாம். ஆனால் வலிமையான எதிரி இல்லாத லீக்கில் தன் பட்டத்துக்கும் மதிப்பு குறைவு என்பதை ஹோனஸ் தெரிந்துவைத்திருந்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பார்சிலோனாவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கே எதிரிகளின் சிரிப்பு பாதியிலேயே எரிச்சலாக மாறியது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி கண்ணீரோடு விடைபெற்றார். கடன் 135 கோடி யூரோ, சம்பளச் செலவு வருமானத்தையே தாண்டிவிட்டது என்றார் தலைவர் லபோர்ட்டா. மாட்ரிட்டில் அதை ரசித்தவர்கள் ஏராளம். ஆனால் 2022 கோடையில் அந்தக் கிளப் தன் ஒளிபரப்பு வருமானத்தின் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு விற்று, லெவண்டாவ்ஸ்கி, ரஃபீன்யா, கூண்டே என்று வாங்கிக் குவித்தது. அடுத்த சீசனிலேயே பட்டமும் வென்றது. விழ வேண்டியவன் விழவில்லையே என்ற எரிச்சல், விழுந்தவனைப் பார்த்து வரும் சிரிப்பைவிட நீடித்து நிற்கிறது. ரேஞ்சர்ஸ் நாளைய சீசன் டிக்கெட்டை விற்றதும் பார்சிலோனா நாளைய ஒளிபரப்பை விற்றதும் வடிவத்தில் ஒன்றுதான். அளவும் சந்தையின் நம்பிக்கையும்தான் வேறு.

ஆகவே கொண்டாடுவது தவறா என்ற கேள்விக்கு என் நேரான பதில்: ஏமாற்றி வென்றவன் இறங்கும்போது மகிழ்வது தவறில்லை. 2018-19-இல் மிடில்ஸ்பரோ ஒரே ஒரு புள்ளியில் ஆறாம் இடத்தை டார்பி கவுன்ட்டியிடம் இழந்தது. அந்த டார்பி தன் மைதானத்தைத் தன் முதலாளியின் நிறுவனத்துக்கே விற்று லாபக் கணக்குக் காட்டிய கிளப். 2021-22-இல் டார்பிக்கு 21 புள்ளிகள் குறைக்கப்பட்டு அது இறங்கியபோது மிடில்ஸ்பரோ ரசிகர் மகிழ்ந்தால் நான் அவர் பக்கம்தான். ஆனால் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்தவருக்கு மாதச் சம்பளம் வராதபோதும், கிளப்பின் உயிரே கேள்விக்குறியாகும்போதும் அதே பாட்டைப் பாடுவது எனக்கு ஏற்புடையதல்ல. முதலாளியைத் திட்டுங்கள், பட்டங்களைப் பறிக்கச் சொல்லுங்கள், இரு எதிரிகளும் மோதும் நாளில் வாய் வலிக்கக் கிண்டல் செய்யுங்கள். பரியின் வாசலில் அழுதுகொண்டு நின்ற முதியவர்கள் எந்தக் கணக்கையும் எழுதவில்லை.

அண்மையில் இதற்கு ஒரு விசித்திரமான திருப்பம் வந்தது. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே 2025 அக்டோபர் 24 அன்று திவாலானது. 12 புள்ளிகள் குறைந்தன. அன்று கொண்டாடியவர்கள் அதன் சொந்த ரசிகர்கள். முதலாளி டெஜ்போன் சான்சிரி போக வேண்டும் என்பதற்காக, இரண்டு நாள் முன்புதான் அவர்கள் மிடில்ஸ்பரோ ஆட்டத்தைப் புறக்கணித்து நாற்காலிகளைக் காலியாக விட்டிருந்தார்கள். திவால் அறிவிப்பு வந்ததும் ஹில்ஸ்பரோ மைதானத்துக் கடையில் வரிசை கட்டி நின்று சட்டை வாங்கினார்கள். அன்று எதிரி சிரிக்க இடமே இல்லாமல் போனது.

இங்கிலாந்தில் 2025 ஜூலையில் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டம் ஒரு சுதந்திர ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியிருக்கிறது. முதலாளிகளின் தகுதியையும் பண மூலத்தையும் அது சோதிக்கலாம். மைதானத்தை விற்பதற்கும் அதன் ஒப்புதல் வேண்டும். பரி போனபோதும் 2021-இல் பெரிய கிளப்புகள் தனியே தொடங்க முயன்ற சூப்பர் லீக் திட்டம் வெடித்தபோதும் எதிரெதிர்க் கிளப்புகளின் ரசிகர் அமைப்புகள் ஒன்றாக நின்று கேட்டதன் விளைவு அது. எவ்வளவு வேலை செய்யும் என்பது இனிமேல்தான் தெரியும்.

கடைசியாக, எதிரி மூழ்கும் செய்தியைப் படித்ததும் உங்கள் கிளப்பையும் பார்க்க விரும்பினால் எங்கே பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பிரைட்டனில் அதை விற்றார்கள். டார்பியிலும் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயிலும் முதலாளியின் நிறுவனத்துக்கு மாற்றினார்கள். பரியில் அடமானம் வைத்தார்கள். வாகனம் நிறுத்தும் இடங்களைக்கூடத் துண்டு துண்டாக முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் கிளப்பை வாங்க 2013-இல் நீதிமன்றம் வரை போனதே ஃபிராட்டன் பார்க் மைதானத்தின் மீது பழைய முதலாளிக்கு இருந்த பிடியை விடுவிக்கத்தான். அடுத்து, வரப்போகும் வருமானத்தின் மீது கடன் வாங்கியிருக்கிறார்களா, சம்பளச் செலவு வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பிரிட்டனின் கிளப் என்றால் அரசின் நிறுவனப் பதிவகத் தளத்தில் ஆண்டுக் கணக்குகள் இலவசமாகக் கிடைக்கும். கிளப்பின் பெயரை விட அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரில் தேடுங்கள். தாய் நிறுவனம் தனியாக இருந்தால் அதையும் சேர்த்துப் படியுங்கள். அடமானங்கள் தனித் தலைப்பில் பதிவாகியிருக்கும். கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு தாண்டியிருந்தால், அதைச் சிவப்பு விளக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்.